ஏழாவது இடத்தில் இருந்த கல்லூரி

ஹான்காக், மிச்சிகன்
14 செப்டம்பர் 1996

அன்புள்ள அப்பா,

ஜூலை மாதம் நீங்கள் விடுப்பில் வந்தபோது சமையலறையில் நடந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நீங்களும் எழுத வேண்டாம். ஹெல்மி அத்தைதான் தினமும் புலம்புகிறாள். "அண்ணன் கப்பலேறி ரெண்டு மாசமாச்சு, அவனும் எழுதல, நீயும் எழுதல. ஒரே வீட்டுல ரெண்டு பாறாங்கல்லு!" என்கிறாள். அவளுக்காகவும், ஒரு வேலைக்காகவும் இந்தக் கடிதம்.

நூலகத்துக்கு வரும் பத்திரிகை ஆண்டுதோறும் கல்லூரிகளை வரிசைப்படுத்துகிறது. வக்கீலாகப் போகிறவனுக்கும் எனக்கும் அதில் ஒரே வரிசைதான். நான் ஏரி அடிச் சேற்றை ஆராயப் போகிறவள். அதனால் எனக்கென்று ஒரு வரிசை போட்டேன். பத்தொன்பது சிறு கல்லூரிகளுக்கு மூன்று கேள்விகள் எழுதி அனுப்பினேன். கடந்த பத்து வருடத்தில் உங்களிடம் விஞ்ஞானம் படித்தவர்களில் எத்தனை பேர் முனைவர் பட்டம் வரை போனார்கள்? கோடையில் மாணவர்கள் ஆராய்ச்சி செய்ய இடம் உண்டா? என்னென்ன கருவிகள் இருக்கின்றன? பதினான்கு கல்லூரிகள் பதில் போட்டன. ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டினேன்.

"லிபரல் ஆர்ட்ஸ்னா என்ன, படம் வரையப் போறியா?" என்று கேட்டீர்கள். (இது ஜூலை விஷயம்தான். இந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.) அங்கே எல்லாப் பாடமும் உண்டு. முனைவர் பட்ட மாணவர்கள்தான் கிடையாது. பேராசிரியருக்கு ஆராய்ச்சியில் கை கொடுக்க என்னைப் போன்றவர்களை விட்டால் வேறு ஆள் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பல்கலைக்கழகம் நல்லதுதான். ஆனால் எந்தப் பெரிய பல்கலைக்கழகத்திலும் என் முறை வர நாலைந்து வருடம் ஆகும் என்று நினைக்கிறேன்.

என் பட்டியலில் முதலிடம் மாசசூசெட்ஸில் உள்ள தார்ன்பரி கல்லூரி. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. அங்கே முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் வேறெங்கும் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அத்தை போட்டால் செல்லாது என்கிறார்கள். அம்மா இல்லை. நீங்கள்தான் போட வேண்டும்.

படிவத்தையும் என் பட்டியலையும் இதோடு வைத்திருக்கிறேன். நவம்பர் முதல் தேதிக்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

ஐலி


எல்மர் ஹாப்ஸ் கப்பல், ஹ்யூரான் ஏரி
29 செப்டம்பர் 1996

ஐலிக் குட்டி,

உன் கடிதம் டெட்ராய்ட் ஆற்றில் வந்து சேர்ந்தது. தபால் படகு பக்கத்தில் வந்ததும் நாங்கள் கயிற்றில் வாளியை இறக்கினோம். சமையல்காரன் டுவைட்டுக்கு மூன்று கடிதம், எனக்கு ஒன்று. "அர்வோவுக்குக் கூட எழுத ஆள் இருக்காப்பா!" என்று மேல்தளம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

எஞ்சின் அறையில் சூடு குறையவில்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றுகிறோம், ஒஹாயோவில் கொட்டுகிறோம், திரும்பி வருகிறோம். சொல்ல வேறு எதுவும் இல்லை.

உன் பட்டியலை இரண்டு தடவை படித்தேன். தொண்ணூற்று மூன்று என்கிறாய். ஒன்றையாவது நேரில் பார்த்தாயா? பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதை உன்னால் நடந்தே போய்ப் பார்க்க முடியும். மாசசூசெட்ஸ் எவ்வளவு தூரம் என்று கப்பல் வரைபடத்தில் தேடினேன். எங்கள் வரைபடம் அதுவரை போகவே இல்லை.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை மூன்று மாதம்தான் நான் வீட்டில் இருப்பது. அந்த மூன்று மாதமும் நானும் ஹெல்மியின் ரேடியோவும் மட்டும் என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அவ்வளவுதான்.

காகிதத்தைப் பார்க்கிறேன்.

அப்பா


ஹான்காக்
13 அக்டோபர் 1996

அன்புள்ள அப்பா,

"பார்க்கிறேன்" என்றால் என்ன அர்த்தம்? கையெழுத்துப் போடுகிறேன் என்பதா, பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்பதா?

நேரில் பார்க்கவில்லை என்பது உண்மை. பதினான்கு கல்லூரிகளை என்னால் எப்படிப் பார்க்க முடியும்? அதனால்தான் எண்களை வைத்துக் கணக்குப் போட்டேன். தார்ன்பரியில் நிலவியல் படித்தவர்களில் நாலு பேருக்கு ஒருவர் முனைவர் பட்டத்துக்குப் போயிருக்கிறார். அது என் கற்பனை இல்லை.

நீங்கள் வீட்டில் இருக்கும் மூன்று மாதத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மற்ற ஒன்பது மாதம் நான் எங்கே இருந்தேன் என்று நீங்கள் யோசித்ததுண்டா? ஒன்பது வயதில் அம்மா போனதிலிருந்து நான் இந்த வீட்டில் அத்தையோடுதான் இருக்கிறேன். கோபமாக எழுதவில்லை, கேட்கிறேன்.

முதல் படிவம் எண்ணெய் பட்டுக் கெட்டிருந்தால் என்று இன்னொன்றும் வைத்திருக்கிறேன். கல்லூரி விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டிய உறையும் இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டு வாளியில் போட்டால் போதும்.

ஐலி


எல்மர் ஹாப்ஸ், ஈரி ஏரி
9 நவம்பர் 1996

ஐலி,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

படிவத்தில் அக்டோபர் இருபதாம் தேதியே கையெழுத்துப் போட்டுவிட்டேன். உறையில் வைத்து ஒட்டி, சட்டைப் பையில் வைத்திருந்தேன். இருபத்தாறாம் தேதி தபால் படகு வந்தது. நான்தான் கயிற்றைப் பிடித்திருந்தேன். மற்றவர்கள் கடிதமெல்லாம் வாளியில் போனது. என்னுடையது பையிலேயே இருந்தது. "வேற ஏதாச்சும் இருக்கா?" என்று கீழேயிருந்து அந்த ஆள் கேட்டான். "இல்ல, அவ்வளவுதான்" என்றேன்.

தபாலில் தொலைந்தது என்று எழுதியிருக்கலாம். அப்படித்தான் எழுத நினைத்தேன். உன்னிடம் பொய் சொல்லிவிட்டு ஜனவரியில் உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட முடியாது.

நீ அவ்வளவு தூரம் போகக்கூடாது என்று நினைத்தேன். அது காரணம். சரியான காரணம் என்று சொல்லவில்லை.

அப்பா


ஹான்காக்
17 நவம்பர் 1996

அப்பா,

கடிதம் கிடைத்தது.

அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் உங்களோடு பேசமாட்டாள். உங்களோடு பேசாமல் இருக்க நான் ஒருத்தி போதும்.

ஐலி கொஸ்கெலா


லொரெய்ன், ஒஹாயோ
1 டிசம்பர் 1996

ஐலி,

நீ பதில் எழுத வேண்டாம். படித்தால் போதும்.

கல்லை இறக்கும் பெரிய பட்டை அறுந்துவிட்டது. ஐந்து நாள் இங்கே கட்டிப் போட்டிருக்கிறார்கள். முதல் நாள் தூங்கினேன். இரண்டாம் நாள் தூக்கம் வரவில்லை. உன் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஏழாவது இடத்தில் பெக்ஃபோர்ட் கல்லூரி, ஒஹாயோ, அறுபத்தொன்று என்று இருந்தது. இங்கிருந்து முப்பது மைல்தான். டுவைட்டின் மச்சான் தன் வண்டியைக் கொடுத்தான்.

யாரிடமும் சொல்லிக்கொண்டு போகவில்லை. விஞ்ஞானக் கட்டடம் எது என்று ஒரு பையனிடம் கேட்டேன். முன்வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மீன் எலும்பு வைத்திருக்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். ஒரு கப்பல் எப்படி என்று தெரிய வேண்டுமானால் நான் எஞ்சின் அறைக்குத்தான் போவேன். அதனால் படியிறங்கி அடித்தளத்துக்குப் போனேன்.

அங்கே ஒரு பெண், உன்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவள், தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு வெற்றிடப் பம்ப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முகத்தில் எண்ணெய். என் எஞ்சின் அறைச் சட்டையைப் பார்த்துவிட்டு, "அப்பாடா, வந்துட்டீங்களா! காலையிலேருந்து காத்திருக்கேன்" என்றாள். பம்ப் ரிப்பேர்காரன் என்று நினைத்துவிட்டாள்.

"நான் அந்த ஆள் இல்லம்மா. ஆனா அதைக் கொஞ்சம் தள்ளு, பார்க்கிறேன்" என்றேன்.

ஒரு வளையம் இறுகிப் போயிருந்தது. இருவரும் சேர்ந்து இருபது நிமிடத்தில் சரிசெய்தோம். அந்தப் பம்ப் ஒரு கருவியோடு சேர்ந்தது. சேற்றில் என்னென்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கருவியாம். எனக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது. நீ தேடுவதும் அதுதானே?

"இதை உன்னைத் தொட விடுவாங்களா?" என்று கேட்டேன்.

"நான் தொடலேன்னா யாரு தொடுவா? எங்க பேராசிரியர் டாக்டர் பிரெண்டிஸ் ரெண்டு வாரமா நியூயார்க்குல இருக்காங்க."

"உடைஞ்சு போச்சுன்னா?"

"போன வருஷம் உடைச்சேனே! கண்ணாடிக் குழாய். அழுதுக்கிட்டே போய்ச் சொன்னேன். அவங்க திட்டவே இல்ல. கம்பெனி நம்பரைக் கையில கொடுத்து, 'நீயே பேசு, எப்படி மாத்தறதுன்னு கேட்டு மாத்து'ன்னாங்க. ஆறு நாளாச்சு. இப்ப எனக்குக் கண்ணைக் கட்டினாலும் மாத்தத் தெரியும்."

அவள் பெயர் ரோசலின் டட்டன். அப்பா பன்றிப் பண்ணை வைத்திருக்கிறார். முதல் வருடம் பாட்டில் கழுவினாளாம். இரண்டாம் வருடக் கோடையிலிருந்து அவள் ஆராய அவளுக்கென்று ஒரு குளம், ஒரு கேள்வி.

கருவிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு. யார் எப்போது ஓட்டினார்கள், என்ன கோளாறு என்று எழுதும் நோட்டு. எங்கள் எஞ்சின் அறையிலும் ஒன்று உண்டு. அதைப் புரட்டட்டுமா என்று கேட்டுக்கொண்டு புரட்டினேன். செப்டம்பரிலிருந்து பத்தொன்பது வேறு வேறு கையெழுத்து. ஒருத்தன் எழுதியிருக்கிறான்: "ஏன் வேலை செய்யவில்லை என்று தெரியவில்லை. ஏன் இப்போது வேலை செய்கிறது என்றும் தெரியவில்லை."

நல்லது மட்டும் எழுதினால் நீ நம்பமாட்டாய். நூலகத்துக் கூரை ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறார்கள். சாப்பாடு டுவைட் சமைப்பதை விட மோசம். ஊரில் ஒரே ஒரு கடைத்தெரு. டாக்டர் பிரெண்டிஸ் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை.

இதைச் செய்தால் அது சரியாகிவிடும் என்று நினைத்துப் போகவில்லை. கப்பலில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

அப்பா


ஹான்காக்
14 டிசம்பர் 1996

அப்பா,

உங்கள் கடிதத்தை அன்றைக்கே படித்தேன். பதில் எழுத எனக்கு இத்தனை நாள் ஆனது.

பெக்ஃபோர்டின் பதில் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஏன் அறுபத்தொன்று என்று இப்போது ஞாபகம் வந்தது. மற்ற கல்லூரிகள் பத்து வருட எண்ணிக்கையை அச்சடித்து அனுப்பின. இவர்கள் அனுப்பியது கையால் எழுதிய இரண்டு பக்கம். நாற்பது பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் அவர் இப்போது என்ன செய்கிறார் என்று இருந்தது. "பனிப்பாறை ஆய்வு, அலாஸ்கா." "பள்ளி ஆசிரியை, மூன்று குழந்தைகள், இன்னும் மழைநீர் அளக்கிறாள்." "முனைவர் பட்டத்தைப் பாதியில் விட்டார், சந்தோஷமாக இருக்கிறார்." இதற்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று தெரியாமல் அந்தக் கேள்விக்குச் சுழியம் போட்டிருக்கிறேன். கீழே கையெழுத்து ஈ. பிரெண்டிஸ்.

பிறகு தார்ன்பரிக்குத் தொலைபேசியில் பேசினேன். உங்கள் கேள்வியைத்தான் கேட்டேன். "கருவியை யார் ஓட்டுவாங்க?" போனை எடுத்தவர் மரியாதையாகச் சொன்னார்: "அதுக்குன்னு ஒரு நிபுணர் இருக்கார். மாணவர்கள் சேற்றைக் கொடுத்தா போதும், அவர் அளந்து கொடுத்திடுவார்." அதுவும் தப்பில்லை. பலர் அப்படிப் படித்துத்தான் பெரிய ஆராய்ச்சியாளர்கள் ஆகிறார்கள். அந்த நாலில் ஒருவரும் அப்படிப் போனவராக இருக்கலாம்.

ஆறு இடங்களுக்கு விண்ணப்பம் எழுதி முடித்துவிட்டேன். தார்ன்பரி, பெக்ஃபோர்ட், பாலத்துக்கு அந்தப் பக்கம், இன்னும் மூன்று. தார்ன்பரி இன்னும் முதலிடத்தில்தான் இருக்கிறது. உங்களுக்குச் சாதகமாக நான் கணக்கை மாற்றமாட்டேன். ஆனால் "கருவி யார் கையில்" என்று நாலாவது கேள்வி ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். பெக்ஃபோர்ட் மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டது.

படிவத்தைப் பற்றி நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். ஜனவரியில் வாருங்கள். ஒரே மேசையில் சாப்பிடுவோம். பேசுவேனா என்று உறுதி சொல்ல முடியாது.

ஐலி


எல்மர் ஹாப்ஸ், மிச்சிகன் ஏரி
6 ஏப்ரல் 1997

ஐலிக் குட்டி,

பனி உடைந்து நாங்கள் கிளம்பிப் பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஹெல்மி ரேடியோ தொலைபேசியில் சொன்னாள். அதில் பேசினால் ஏரியில் இருக்கும் எல்லாக் கப்பலும் கேட்கும், ஆனால் அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "தார்ன்பரி இல்லேன்னுட்டான். பெக்ஃபோர்ட் வான்னுட்டான். பாலத்துக்காரனும் வான்னுட்டான். பிள்ளை அழல. அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

நேற்று துறைமுகத்தில் இறங்கியதும் தார்ன்பரிக்குப் போன் செய்தேன். அக்டோபரில் படிவம் வந்திருந்தால் என் மகளுக்கு இடம் கிடைத்திருக்குமா என்று கேட்டேன். போனை எடுத்த அம்மாள், "அதை யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றார். கிடைத்திருக்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நேற்று ராத்திரி தூங்கியிருப்பேன். அவர் சொல்லவில்லை.

குளிர்காலம் முழுக்க நீ என்னிடம் உப்பை எடு, கதவைச் சாத்து என்று பேசினாய். ஒரு நாள் சவுனாவில் நீராவிக் குளியலுக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தபோது உன்னிடம் சொல்ல வந்தேன். வாய் வரவில்லை. இதில் எழுதுகிறேன். நவம்பரில் எழுதியது காரணம். இது மன்னிப்பு. நான் செய்தது தப்பு, ஐலி. அது உன்னுடைய காகிதம். என் கையெழுத்து அதில் ஒரு ஓரத்தில்தான் இருந்தது.

எங்கே போகவேண்டுமோ அங்கே போ. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதை எனக்காக எடுக்காதே. என்மேல் உள்ள கோபத்தில் அதை விட்டும் விடாதே.

அப்பா


ஹான்காக்
27 ஏப்ரல் 1997

அன்புள்ள அப்பா,

அழுதேன். அத்தை தூங்கப் போனபிறகு. அவளிடம் சொல்ல வேண்டாம்.

போன வாரம் நானும் அத்தையும் பஸ்ஸில் பெக்ஃபோர்டுக்குப் போய்வந்தோம். பத்தொன்பது மணி நேரம். அத்தை வழியெல்லாம் ரொட்டியும் காப்பியும் கொடுத்துப் பக்கத்து இருக்கைக்காரர்களை எல்லாம் சொந்தக்காரர்கள் ஆக்கிவிட்டாள்.

டாக்டர் எடித் பிரெண்டிஸைப் பார்த்தேன். குள்ளமானவர், வேகமாக நடக்கிறார், பாதி வாக்கியத்தில் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார். ஒரு மணி நேரம் பேசினோம். எனக்குப் பாதி புரியவில்லை. அவர் எழுதி அச்சான ஒரு கட்டுரையைக் காட்டினார். அதில் அளவுகளைப் புள்ளிகளாகக் குறித்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த ஒரு புள்ளி மட்டும் ஏன் தள்ளியிருக்கு?" என்று கேட்டேன். முகம் சுருங்கியது. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். கட்டுரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "தெரியல. நாலு வருஷமா யாரும் கேட்கல. நீ வந்தா அதைத்தான் முதல்ல பார்க்கணும்" என்றார். அத்தை என் காலை மிதித்தாள்.

பாலத்துக்கு அந்தப் பக்கமும் ஒரு நாள் முழுக்கப் போய் உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் எழுதியபடி, உங்களுக்காகவும் இல்லாமல் உங்கள்மேல் கோபத்திலும் இல்லாமல். நல்ல இடம்தான். ஆனால் அங்கிருந்து திரும்பும்போது எனக்கு அந்தப் புள்ளிதான் ஞாபகம் வந்தது.

பெக்ஃபோர்டுக்குச் சம்மதம் எழுதிவிட்டேன்.

அந்தப் படிவம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்கள் செய்தது நல்லதாகப் போயிற்று என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லக்கூடாது. ஆனால் மன்னிப்பு என்று எழுதியிருந்தீர்கள். வாங்கிக்கொண்டேன்.

ஐலி


பெக்ஃபோர்ட், ஒஹாயோ
19 அக்டோபர் 1997

அன்புள்ள அப்பா,

பாட்டில் கழுவுகிறேன். இதுவரை ஐந்நூறு இருக்கும். ரோசலின் கடைசி வருடம். பம்ப் வளையத்தை எப்படிக் கழற்றுவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

தள்ளி நின்ற புள்ளி வெறும் பிழை. யாரோ ஒரு மாதிரிக்கு எண் மாற்றி எழுதியிருக்கிறார்கள். கண்டுபிடிக்க ஆறு வாரம் ஆயிற்று. பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டர் பிரெண்டிஸ் கட்டுரை வெளியான பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பினார். "ஐலி கொஸ்கெலா கேட்ட கேள்வியால்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

இன்னொரு விஷயம். ஜனவரி முழுக்க இங்கே வகுப்பு கிடையாது, ஆராய்ச்சி மட்டும். எங்காவது போய் உறைந்த ஏரியில் துளை போட்டுச் சேறு எடுப்பார்கள். எங்கே போகலாம் என்று கேட்டபோது நம் ஊர் ஏரியைச் சொன்னேன். செம்புச் சுரங்கக் கழிவைக் கொட்டிய இடங்களைப் படத்தில் காட்டினேன். ஒத்துக்கொண்டுவிட்டார்கள். ஐந்து பேர் வருகிறோம், மூன்று வாரம். இவர்களில் யாரும் நம் ஊர்க் குளிரைப் பார்த்ததில்லை. ஒருத்தன் கான்வாஸ் செருப்போடு வரத் திட்டம் போட்டிருக்கிறான்.

"பனிக்கட்டி தெரிஞ்ச ஆள், மோட்டார் தெரிஞ்ச ஆள் யாராவது அங்க இருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார். இருக்கிறார் என்றேன். கேட்காமல் சொல்லிவிட்டேன். சரியா?

ஐலி


எல்மர் ஹாப்ஸ், சுப்பீரியர் ஏரி
7 டிசம்பர் 1997

ஐலிக் குட்டி,

இவ்வளவு நாள் பதில் எழுதாததற்குக் காரணம், ஹெல்மியிடமிருந்து விவரம் வரட்டும் என்று இருந்ததுதான். அவள் ஏரிக்குப் போய்க் கரையோரமாகத் துளை போட்டுப் பார்த்தாளாம். இப்போதைக்கு மூன்று அங்குலம். ஜனவரி நடுவில் பத்து ஆகிவிடும். மனிதர்கள் நிற்கலாம், வண்டி ஏற்றக்கூடாது. சாமானெல்லாம் சறுக்கு வண்டியில்தான் இழுக்க வேண்டும். இரண்டு சறுக்கு வண்டி செய்ய மரம் சொல்லியிருக்கிறேன். துளையிடும் மோட்டாரின் அளவு என்ன என்று டாக்டரிடம் கேட்டு எழுது. குளிரில் அதன் எண்ணெய் கட்டிப் போகும், நான் வேறு எண்ணெய் கொண்டு வருகிறேன்.

கான்வாஸ் செருப்புக்காரனின் கால் அளவையும் எழுது.

படுக்கை ஐந்துக்கும் ஹெல்மி ஏற்பாடு செய்துவிட்டாள். மாடியில் பெண்கள், கீழே பையன்கள், டாக்டருக்கு என் அறை. நான் சவுனாவின் முன்னறையில் படுத்துக்கொள்வேன், எனக்கு அது பழக்கம்தான். நம் ஊர்க் குளிரே தெரியாதவர்களுக்குச் சவுனாவும் தெரிந்திருக்காது, அதை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன். முதல் நாள் லேசாகத்தான் சூடு வைப்பேன்.

ஜனவரி எட்டாம் தேதி கப்பலைக் குளிர்காலத்துக்குத் துறைமுகத்தில் கட்டி நிறுத்துகிறோம். நீங்கள் வருவது பன்னிரண்டாம் தேதி என்று ஹெல்மி சொன்னாள். நடுவில் மூன்று நாள் இருக்கிறது. அது போதும். ஏரியின் எந்த இடத்தில் துளை போட வேண்டும் என்று நீ எழுதினால் அதுவரை நடக்கப் பாதை வெட்டி வைத்துவிடுவேன். படத்தில் குறித்து அனுப்பு. எத்தனை துளை என்றும் எழுது.

அப்பா